அட்டைக் கம்ப்யூட்டர் அடம் பிடித்தால்...

2012-ம் ஆண்டு பிப்ரவரி 29-ந் தேதி. இங்கிலாந்தில் காலை 6 மணி. இன்னும் சரியாக விடியவில்லை.

ஆனால் பல பேர் அதற்கு முன்பே எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். எதற்காக? ஒரு பொருள் வாங்குவதற்காக!

அந்தப் பொருளை இரண்டு கம்பெனிகள் இன்டர்நெட் மூலம் விற்க ஏற்பாடு செய்திருந்தன. மணி 6 ஆயிற்று. எல்லோரும் ஒரே நேரத்தில் முண்டியடித்தார்கள். இரண்டு கம்பெனிகளின் இணையதளங்களும் கூட்டம் தாங்காமல் திணறி நின்றுவிட்டன.

முதல் தடவை செய்து வைத்திருந்தது 10 ஆயிரம்தான். கேட்டவர்களோ அதைப்போலப் பல மடங்கு!

அப்படி என்ன பொருள் அது? தங்கமா? வைரமா?

இல்லை. ஒரு சிறிய பச்சை அட்டை!

நீளம் எட்டரை சென்டிமீட்டர். அகலம் ஐந்தரை சென்டிமீட்டர். ஏறக்குறைய ஏ.டி.எம். கார்டு அளவு. எடை 45 கிராம். அதற்குப் பெட்டி கிடையாது. திரை கிடையாது. கீபோர்டு கிடையாது. ஆனாலும் அது ஒரு முழுக் கம்ப்யூட்டர்!

விலை 35 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 1,700 ரூபாய்.

அதன் பெயர் "ராஸ்பெர்ரி பை".

2024-ம் ஆண்டுக்குள் இந்த அட்டைகள் 6 கோடிக்கும் மேல் விற்றுவிட்டன. பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. தொழிற்சாலையில் இருக்கிறது. வீட்டில் பிள்ளைகளின் மேசை மீதும் இருக்கிறது.

ஆனால் இதை வாங்குகிறவர்கள் ஏதாவது ஒரு நாள் திகைத்து நிற்பது உண்டு. மின்சாரம் கொடுத்தால் திரையில் ஒன்றும் தெரியாது. அல்லது புதிய புரோகிராமை ஏற்றப் பார்த்தால் ஏறாது. புரியாத எழுத்துகள் வரிவரியாக ஓடும்.

"கெட்டுப் போய்விட்டது" என்று எண்ணி, அட்டையை மேசை டிராயருக்குள் போட்டு மூடிவிடுவார்கள்.

பெரும்பாலும் அது கெட்டுப் போயிருக்காது. அது பேசுகிறது! தனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறது. கேட்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

"தொடாதே!"

இந்த அட்டையை ஏன் செய்தார்கள் என்பது ஒரு சுவையான கதை.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் என்று ஓர் ஊர். புகழ்பெற்ற பல்கலைக்கழகம் உள்ள ஊர். அங்கே கம்ப்யூட்டர் பாடம் சொல்லிக் கொடுத்தவர்களில் ஒருவர் எபன் அப்டன்.

2006-ம் ஆண்டு வாக்கில் அவரும் அவருடைய நண்பர்களும் ஒன்றைக் கவனித்தார்கள். கம்ப்யூட்டர் பாடம் படிக்க வரும் மாணவர்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. வருகிறவர்களுக்கும் கை அனுபவம் போதவில்லை.

காரணம் என்ன?

1981-ம் ஆண்டில் அதே கேம்பிரிட்ஜில் "பி.பி.சி. மைக்ரோ" என்ற கம்ப்யூட்டரைச் செய்தார்கள். இங்கிலாந்துப் பள்ளிக்கூடங்களில் பெரும்பாலானவற்றில் அது இருந்தது. சுவிட்சைப் போட்டதும், "என்ன செய்ய வேண்டும்? கட்டளை எழுது" என்பது போலத் திரை காத்து நிற்கும். பிள்ளைகள் எதையாவது எழுதுவார்கள். தப்பாகப் போகும். திருத்துவார்கள். அப்படியே கற்றுக் கொண்டார்கள்.

பிறகு வந்த வீட்டுக் கம்ப்யூட்டர்கள் அப்படி இல்லை. விலை அதிகம். அப்பாவின் ஆபீஸ் கணக்கு அதில் இருக்கும். குடும்பப் போட்டோக்கள் அதில் இருக்கும். பிள்ளை கை வைத்தால், "தொடாதே! கெட்டுப் போகும்!" என்று அம்மா சத்தம் போடுவார்.

தொடாமல் எப்படிக் கற்றுக்கொள்வது?

"பிள்ளைகள் பயப்படாமல் தொடுவதற்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். கெட்டாலும் பெரிய நஷ்டம் இல்லாத விலையில் வேண்டும்." இதுதான் அந்த நண்பர்களின் எண்ணம். அதற்காக ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். ஆறு ஆண்டு முயற்சிக்குப் பிறகு அட்டை விற்பனைக்கு வந்தது.

பெயரிலும் ஒரு வேடிக்கை உண்டு. பழைய கம்ப்யூட்டர் கம்பெனிகளில் சில, பழத்தின் பெயரை வைத்துக் கொண்டன. ஆப்பிள் ஒன்று. ஆப்ரிகாட் ஒன்று. அந்த வழக்கப்படி இதற்கு "ராஸ்பெர்ரி" என்ற பழத்தின் பெயர். "பை" என்பது "பைதான்" என்ற கம்ப்யூட்டர் மொழியைக் குறிக்கும்.

உயிர் எங்கே இருக்கிறது?

கதையில் வரும் மந்திரவாதியின் உயிர் ஏழு கடல் தாண்டி ஒரு கிளிக்குள் இருக்கும். இந்த அட்டையின் உயிரும் அதற்கு உள்ளே இல்லை. ஒரு மெமரி கார்டில் இருக்கிறது!

விரல் நகம் அளவு உள்ள கார்டு அது. செல்போனில் போடுகிற அதே கார்டு. கம்ப்யூட்டர் இயங்குவதற்கான அடிப்படை சாப்ட்வேர் அதில்தான் இருக்கும். கார்டைச் சொருகினால் அட்டை விழித்துக்கொள்ளும். எடுத்துவிட்டால் வெறும் அட்டை.

அந்த அடிப்படை சாப்ட்வேரின் பெயர் லினக்ஸ். 1991-ம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது. அதை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம். திருத்தலாம். பிறருக்கும் கொடுக்கலாம்.

லினக்சோடு ஆயிரக்கணக்கான புரோகிராம்களைச் சேர்த்து ஒழுங்காகக் கட்டிக் கொடுக்கும் அமைப்புகள் உண்டு. அவற்றில் ஒன்று "டெபியன்". 1993-ம் ஆண்டில் தொடங்கியது. உலகம் முழுவதும் உள்ள தொண்டர்கள் இதை நடத்துகிறார்கள். ராஸ்பெர்ரி பை இந்த டெபியன் வழியில்தான் இயங்குகிறது.

பிறந்தபோதே வந்த சிக்கல்

சாப்ட்வேர் சரியாகப் பொருந்தாத சிக்கல், இந்த அட்டைக்குப் பிறந்தபோதே வந்துவிட்டது!

முதல் அட்டையில் இருந்த மூளை கொஞ்சம் பழைய ரகம். ஆனால் தசமக் கணக்குகளை விரைவாகப் போடும் திறமை அதற்கு இருந்தது.

டெபியனிடம் அப்போது இரண்டு வகை சாப்ட்வேர் இருந்தது. ஒன்று புதிய ரக மூளைக்கு உரியது. அது இந்த அட்டையில் ஓடாது. மற்றொன்று பழைய ரகத்துக்கு உரியது. அது ஓடும். ஆனால் அட்டையின் தசமத் திறமையைப் பயன்படுத்தாது. நொண்டி நொண்டி நடக்கும்.

என்ன செய்வது?

மைக் தாம்சன், பீட்டர் கிரீன் என்ற இரண்டு பேர் முன்வந்தார்கள். அறக்கட்டளையின் சம்பளக்காரர்கள் அல்ல, தொண்டர்கள். டெபியனில் இருந்த ஆயிரக்கணக்கான புரோகிராம்களை, இந்த ஒரு மூளைக்கு ஏற்றபடி மறுபடியும் தயாரித்தார்கள். 2012-ம் ஆண்டின் நடுவில் வேலை முடிந்தது. அதற்கு "ராஸ்பியன்" என்று பெயர். 2020-ம் ஆண்டில் அது "ராஸ்பெர்ரி பை ஓ.எஸ்." என்று பெயர் மாறியது.

"பொருந்தவில்லை" என்று அவர்கள் அட்டையைத் தூக்கி எறியவில்லை. ஏன் பொருந்தவில்லை என்று கேட்டார்கள். அதனால் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு வழி பிறந்தது.

கார்டில் எழுதுவது எப்படி?

சாப்ட்வேரை மெமரி கார்டில் சாதாரணமாகக் காப்பி செய்தால் போதாது. அதற்கென்று உள்ள முறையில் எழுத வேண்டும். "இமேஜர்" என்று ஓர் இலவசப் புரோகிராமை 2020-ம் ஆண்டில் வெளியிட்டார்கள். வேறொரு கம்ப்யூட்டரில் அதைப் போட்டு, கார்டை அதில் சொருக வேண்டும்.

"உங்கள் அட்டை எந்த மாடல்? எந்த சாப்ட்வேர் வேண்டும்? எந்தக் கார்டில் எழுத?" என்று அது வரிசையாகக் கேட்கும். பதில் சொன்னால் எழுதிக் கொடுக்கும். எழுதி முடித்ததும், சரியாக எழுதினோமா என்று தானே ஒருமுறை படித்துப் பார்க்கும்.

பலர் அந்தச் சோதனை முடிவதற்குள் அவசரப்பட்டுக் கார்டை உருவிவிடுகிறார்கள். பிறகு "வேலை செய்யவில்லை" என்கிறார்கள்! அந்தச் சில நிமிடம் பொறுப்பது நல்லது.

எழுதும்போதே பெயரும் பாஸ்வேர்டும் வைத்துக்கொள்ள வேண்டும். முன்பு எல்லா அட்டைகளுக்கும் ஒரே பாஸ்வேர்டுதான் இருந்தது. ஊருக்கெல்லாம் ஒரே சாவி! திருடனுக்கு எவ்வளவு வசதி? 2022-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டார்கள். பழைய புத்தகத்தைப் பார்த்து அந்தப் பழைய பாஸ்வேர்டைப் போட்டால் இப்போது திறக்காது. இதுவும் பலரைக் குழப்பும் ஒரு காரணம்.

விளக்கு சொல்லும் சேதி

கார்டு தயார். சொருகியாகிவிட்டது. மின்சாரமும் கொடுத்தாகிவிட்டது. ஆனால் திரை கறுப்பாகவே இருக்கிறது!

வைத்தியர் முதலில் நாடி பிடித்துப் பார்ப்பார் அல்லவா? இந்த அட்டைக்கு நாடி அதன் விளக்குகள்.

பெரும்பாலான மாடல்களில் இரண்டு சிறிய விளக்குகள் இருக்கும். சிவப்பு விளக்கு எரிந்தால் மின்சாரம் வருகிறது என்று பொருள். பச்சை விளக்கு ஒழுங்கில்லாமல் சிமிட்டினால் கார்டைப் படிக்கிறது என்று பொருள்.

சிவப்பு எரிகிறது, பச்சை அசையவே இல்லை. அப்படியானால் அட்டையால் கார்டைப் படிக்க முடியவில்லை. கார்டை எடுத்து மறுபடி சொருக வேண்டும். சரியாகாவிட்டால் மறுபடி எழுத வேண்டும். அல்லது வேறு கார்டு போட்டுப் பார்க்க வேண்டும்.

பச்சை விளக்கு எண்ணிக்கை வைத்துச் சிமிட்டினால் அது ஒரு தந்தி! நான்கு தடவை சிமிட்டி, நிறுத்தி, மறுபடி நான்கு தடவை சிமிட்டினால், தொடங்குவதற்கு வேண்டிய ஒரு பைல் கார்டில் இல்லை. ஏழு தடவை சிமிட்டினால், லினக்சின் மையப்பகுதி கார்டில் இல்லை. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். கார்டை மறுபடியும் எழுதுவது.

திரையில் வானவில் போலப் பல வண்ணம் தோன்றி அப்படியே நின்றுவிட்டால்? முதல் படி ஏறிவிட்டது. அடுத்த படியில் கால் வைக்க முடியவில்லை என்று பொருள். புதிய மாடல் அட்டையில் பழைய சாப்ட்வேர்க் கார்டைப் போட்டாலும் இப்படி நேரும்.

கார்டு வாங்கும்போதும் கவனம் வேண்டும். போலிக் கார்டுகள் உண்டு. மேலே "64" என்று அச்சிட்டு இருக்கும். உள்ளே அதில் எட்டில் ஒரு பங்குதான் இடம் இருக்கும். முதலில் நன்றாக ஓடும். புரோகிராம்களை ஏற்ற ஏற்ற ஒருநாள் திடீர் என்று குழம்பிவிடும்.

மின்னல் அடையாளம்

திரையின் மூலையில் ஒரு சிறிய மின்னல் படம் தோன்றுவது உண்டு. பலர் அதை அழகுக்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அது அழகுக்கு அல்ல. "எனக்குப் பசிக்கிறது" என்று அட்டை சொல்கிறது!

இந்த அட்டைக்கு 5 வோல்ட் மின்சாரம் வேண்டும். அது 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மின்னல் படம் வரும்.

ஏன் இறங்குகிறது? பழைய செல்போன் சார்ஜரைச் சொருகி இருப்பார்கள். அல்லது வயர் மெல்லியதாகவும் நீளமாகவும் இருக்கும். செல்போன் மெதுவாகச் சார்ஜ் ஆனால் பரவாயில்லை. கம்ப்யூட்டர் அப்படி அல்ல. கடினமான வேலை வரும்போது திடீர் என்று அதிக மின்சாரம் இழுக்கும். புதிய சாப்ட்வேரை ஏற்றுவது கடினமான வேலை. சரியாக அந்த நேரத்தில் மின்சாரம் போதாமல் நின்றுவிடும். கார்டில் பாதி எழுதியது பாழாகும்.

பழி யார் மீது விழும்? சாப்ட்வேர் மீது! உண்மையான குற்றவாளி சார்ஜர்.

சில நேரம் தயாரிப்பிலும் தவறு இருக்கும். 2019-ம் ஆண்டில் வந்த நான்காவது மாடலில் மின்சார வாசல் அமைப்பில் ஒரு சிறு பிழை. சில உயர்ந்த ரக வயர்களைச் சொருகினால் மின்சாரமே வரவில்லை. சாதாரண வயரில் வந்தது! அப்டன் தவறை ஒப்புக்கொண்டார். பிறகு செய்த அட்டைகளில் திருத்திவிட்டார்கள்.

பண்டகசாலை

அட்டை விழித்துக்கொண்டது. இனி வேண்டிய புரோகிராம்களை ஏற்ற வேண்டும். படம் வரைவது, பாட்டுக் கேட்பது, கணக்குப் போடுவது என்று எத்தனையோ உண்டு.

டெபியனின் பண்டகசாலையில் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொட்டலங்கள் இருக்கின்றன. எல்லாம் இலவசம். அங்கே இருந்து எடுத்துக் கொடுக்கும் ஆளின் பெயர் "ஆப்ட்". "ஆப்ட், இந்தப் பொட்டலத்தைக் கொண்டு வா" என்று ஒரு வரி எழுதினால் போதும். இன்டர்நெட் வழியாகக் கொண்டுவந்து வைத்துவிடும்.

சில நேரம் ஆப்ட் வெறுங்கையோடு திரும்பி வரும். அப்போது ஒரு காரணமும் சொல்லும். அந்தக் காரணங்களைப் பார்ப்போம்.

"அப்படி ஒரு பொட்டலம் இல்லை"

முதலில் பெயரைச் சரியாக எழுதினோமா என்று பார்க்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் ஆப்ட்டுக்குத் தெரியாது.

பெயர் சரியாக இருந்தால், பட்டியல் பழசாக இருக்கலாம். பலசரக்குக் கடையில் போன வருஷத்து விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு சாமான் கேட்டால் கிடைக்குமா? ஆப்ட்டிடமும் ஒரு பட்டியல் இருக்கிறது. "ஆப்ட் அப்டேட்" என்று கட்டளை கொடுத்தால் புதிய பட்டியலை வாங்கிக்கொள்ளும். பிறகு கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

"நீங்கள் ரூட் தானா?"

இப்படி ஒரு கேள்வி வரும். ரூட் என்பது வீட்டுப் பெரியவர் போல. புதிய புரோகிராமை ஏற்ற அவர் அனுமதி வேண்டும். கட்டளையின் முன்னால் "சூடோ" என்ற சொல்லைச் சேர்த்தால் அனுமதி கேட்டதாகக் கணக்கு. சேர்க்க மறந்துவிட்டால் இந்தக் கேள்வி வரும். சேர்த்து எழுதினால் தீர்ந்தது.

"பூட்டி இருக்கிறது"

வேறொரு புரோகிராம் அந்த நேரத்தில் பண்டகசாலையில் வேலை செய்துகொண்டு இருக்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் உள்ளே புகுந்தால் சாமான்கள் கலைந்துவிடும். அதனால்தான் பூட்டு.

அவசரக்காரர்கள் பூட்டையே அழித்துவிடுவார்கள். அது ஆபத்து. சில நிமிடம் காத்திருந்தால் பூட்டு தானே திறக்கும்.

"பாதியில் நின்றது"

ஏற்றிக்கொண்டு இருக்கும்போது மின்சாரம் போய்விட்டது. மறுபடி வந்ததும் ஆப்ட், "வேலை பாதியில் நின்றுவிட்டது. இந்தக் கட்டளையைக் கொடுங்கள்" என்று சொல்லும். கொடுக்க வேண்டிய கட்டளையை எழுத்துக்கு எழுத்து அதுவே எழுதிக் காட்டும்! பார்த்து எழுதினால் போதும்.

நோயைச் சொல்லி, மருந்தையும் சொல்கிறது. ஆனால் படிக்காமல் மூடிவிடுகிறவர்கள் எத்தனை பேர்!

"இடம் இல்லை"

கார்டு நிரம்பிவிட்டது. ஆப்ட் தான் கொண்டுவந்த பொட்டலங்களின் மேல்கட்டை எல்லாம் ஓர் ஓரத்தில் சேர்த்து வைத்திருக்கலாம். "ஆப்ட் கிளீன்" என்றால் அவற்றைக் கூட்டித் தள்ளிவிடும். அதுவும் போதாவிட்டால் பெரிய கார்டு வாங்க வேண்டியதுதான்.

"இதை என்னால் இயக்க முடியாது"

பண்டகசாலைக்கு வெளியே இருந்து ஒரு புரோகிராமைக் கொண்டுவந்தால் இப்படி வரலாம். மேசைக் கம்ப்யூட்டரின் மூளை வேறு ரகம். இந்த அட்டையின் மூளை வேறு ரகம். அதற்குச் செய்தது இதற்குப் பொருந்தாது.

இந்த அட்டைக்குள்ளேயும் இரண்டு பிரிவு உண்டு. 32 பிட் ஒன்று. 64 பிட் ஒன்று. 64 பிட் சாப்ட்வேர் 2022-ம் ஆண்டு பிப்ரவரியில் முறைப்படி வந்தது. கார்டில் இருப்பது எது என்று தெரிந்துகொண்டு, அதற்கு உரிய புரோகிராமை எடுக்க வேண்டும்.

"இது வேறொருவர் பொறுப்பு"

பைதான் படிக்கும் பிள்ளைகளுக்கு இது வரும். பழைய புத்தகத்தில் உள்ளபடி "பிப்" என்ற கருவியால் ஏற்றப் பார்த்தால், 2023-ம் ஆண்டு முதல் வந்த சாப்ட்வேர் மறுத்துவிடும். அட்டை தன் சொந்த வேலைக்கே பைதானைப் பயன்படுத்துகிறது. அதில் கண்டதையும் கலந்தால் அட்டையே தடுமாறும். அதனால் இந்தத் தடை.

வழி என்ன? ஒரு தனி அறை கட்டிக்கொள்ள வேண்டும். அதற்குத் தனிக் கட்டளை உண்டு. அந்த அறைக்குள் எதை வேண்டுமானாலும் ஏற்றலாம். பிடிக்காவிட்டால் அறையையே அழித்துவிடலாம். வீட்டுக்கு ஒன்றும் ஆகாது.

கடிகாரம் இல்லாத கம்ப்யூட்டர்

எல்லாம் சரியாக இருக்கும். பெயர் சரி. பட்டியல் சரி. இடம் இருக்கிறது. அப்படியும் ஆப்ட், "இந்தப் பட்டியல் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை" என்று சொல்லும். கேட்கவே வேடிக்கையாக இருக்கும்!

காரணம் இதுதான். நான்காவது மாடல் வரையில் இந்த அட்டைக்குச் சொந்தக் கடிகாரம் கிடையாது. விலையைக் குறைப்பதற்காக விட்டுவிட்டார்கள். இன்டர்நெட்டில் சேர்ந்ததும் அங்கே மணி கேட்டுத் தெரிந்துகொள்ளும். சேருவதற்கு முன்பு, கடைசியாக எப்போது அணைத்தார்களோ, அதுதான் இப்போதும் மணி என்று நினைத்துக்கொண்டு இருக்கும்!

மூன்று மாதம் பெட்டிக்குள் கிடந்த அட்டைக்கு, அந்த மூன்று மாதம் போனதே தெரியாது. நேற்று வந்த பட்டியலைக் காட்டினால், "இது வருங்காலப் பட்டியல் ஆயிற்றே!" என்று திகைக்கும்.

மணியைச் சரி செய்தால் எல்லாம் சரியாகும். 2023-ம் ஆண்டில் வந்த ஐந்தாவது மாடலில் கடிகாரம் வைத்துவிட்டார்கள். ஆனால் மின்சாரம் இல்லாதபோதும் அது ஓட வேண்டுமானால், அதற்கு உரிய சிறிய பாட்டரியைத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும்.

போட்டோ எடுத்தால் மயக்கம்!

குறை கண்டுபிடிப்பது எப்படி என்பதற்கு ஓர் உண்மைச் சம்பவம் உண்டு.

2015-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். இரண்டாவது மாடல் அட்டை வெளிவந்து சில நாட்களே ஆகி இருந்தன. ஒருவர் தன் புதிய அட்டையைக் காமிராவால் போட்டோ எடுத்தார். பிளாஷ் வெளிச்சம் பளிச் என்று அடித்தது.

அட்டை அணைந்துவிட்டது!

தற்செயலாக இருக்கும் என்று மறுபடி எடுத்தார். மறுபடியும் அணைந்தது. வெளிச்சத்துக்குப் பயப்படும் கம்ப்யூட்டரா?

அவர் இதை மற்றவர்களிடம் சொன்னார். எல்லோரும் சோதனையில் இறங்கினார்கள். அட்டையில் பல சில்லுகள் இருக்கின்றன. சுவரில் படம் ஒட்டுவதற்கு உதவும் களிமண் போன்ற பசையை எடுத்தார்கள். ஒரு சில்லை மட்டும் மூடினார்கள். பிளாஷ் அடித்தார்கள். அணைந்தது. அதைத் திறந்துவிட்டு வேறு ஒன்றை மூடினார்கள். இப்படியே ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள்.

ஒரு சிறிய சில்லை மூடியபோது அட்டை அசையவில்லை. பிடிபட்டது குற்றவாளி!

மின்சாரத்தைச் சீராக்கும் சில்லு அது. அதன் சிலிக்கான் உடம்பு போதுமான மறைப்பு இல்லாமல் இருந்தது. கடுமையான வெளிச்சம் பட்டதும் அதற்குள் தேவை இல்லாத மின்னோட்டம் உண்டாயிற்று. சூரிய வெளிச்சத்தில் மின்சாரம் எடுக்கும் பலகையில் நடப்பதும் இது போன்றதுதான்.

பூச்சாண்டி அல்ல, பவுதிகம்!

அவர்கள் செய்ததில் ஒரு பாடம் இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினார்கள். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மூடி இருந்தால் மயக்கம் நின்றிருக்கும். ஆனால் காரணம் தெரிந்திருக்காது.

சாப்ட்வேருக்கும் இதே விதிதான். சார்ஜரை மாற்று, பார். சரியாகவில்லையா? கார்டை மாற்று, பார். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றக் கூடாது.

ஒரு நோட்டுப் புத்தகம்

அட்டைக்குப் பக்கத்தில் ஒரு பழைய நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். திரையில் வந்த சேதியை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். நாற்பது வரி வந்தால் முதலில் வந்த தவறைத்தான் முதலில் பார்க்க வேண்டும். முதல் பொத்தானைத் தப்பாகப் போட்டால் சட்டை முழுவதும் கோணும் அல்லவா? பின்னால் வருகிற தவறுகளில் பல அந்த முதல் தவறின் பிள்ளைகள்தான்.

என்ன மாற்றினோம், என்ன நடந்தது என்று எழுதிவைத்தால், அடுத்த தடவை பாதி நேரம் மிச்சம்.

வேலை முடிந்ததும் வயரைப் பிடுங்கக் கூடாது. முறைப்படி "அணை" என்று கட்டளை கொடுக்க வேண்டும். பச்சை விளக்கு அடங்கிய பிறகு மின்சாரத்தை நிறுத்த வேண்டும். எழுதிக்கொண்டு இருக்கும்போது பிடுங்கினால் கார்டு குழம்பிவிடும்.

அப்படியே குழம்பினாலும் என்ன? செய்த வேலையை முன்கூட்டியே வேறு இடத்தில் காப்பி எடுத்து வைத்திருந்தால் போதும். கார்டை அழித்து, மறுபடி எழுதலாம். சிறிது நேர வேலைதான். அட்டை பிறந்த நாளில் இருந்தது போல ஆகிவிடும்.

மேசையில் இருந்து விண்வெளிக்கு

2015-ம் ஆண்டு டிசம்பரில் இரண்டு ராஸ்பெர்ரி பை அட்டைகள் பூமியை விட்டுக் கிளம்பின. அலுமினியப் பெட்டிக்குள் வைத்து, சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பினார்கள். இங்கிலாந்து விண்வெளி வீரர் டிம் பீக் அங்கே அவற்றை இயக்கினார்.

அவற்றில் ஓடிய புரோகிராம்களில் பலவற்றை எழுதியவர்கள் யார் தெரியுமா? இங்கிலாந்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்!

அந்தப் பிள்ளைகள் எழுதிய முதல் வரியே சரியாக ஓடியிருக்குமா? எந்தப் புரோகிராமும் அப்படி ஓடுவது இல்லை. தவறு வரும். படிப்பார்கள். திருத்துவார்கள். மறுபடி வரும். மறுபடி திருத்துவார்கள். அப்படித்தான் விண்வெளி வரைக்கும் போனது.

ஆகவே, வீட்டில் ஒரு பிள்ளை இந்த அட்டையை வைத்துக்கொண்டு முகத்தைத் தொங்கப் போட்டால், "நான்தான் அப்போதே சொன்னேனே, தொடாதே என்று!" என்று பெரியவர்கள் சொல்ல வேண்டாம்.

"அது என்ன சொல்கிறது? படி, கேட்போம்" என்று பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

இந்தக் கம்ப்யூட்டரைச் செய்ததே, பிள்ளைகள் பயப்படாமல் தொடுவதற்குத்தான்!